நீலக் குவிமாடங்களின் கீழே பாரசீகம்

உஸ்பெகிஸ்தானின் ஆட்சிமொழி உஸ்பெக். அது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்த நாட்டின் பெயரை உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் இரண்டு நகரங்களில், சமர்கண்டிலும் புகாராவிலும், தாய் பிள்ளையை அதட்டுவதும் கடைக்காரர் பேரம் பேசுவதும் பெரும்பாலும் தாஜிக் மொழியில்தான். ஈரானில் பேசப்படும் பாரசீகத்தின் கிழக்குக் கிளை அது. டெஹ்ரானிலிருந்து வரும் ஒருவர் புகாராச் சந்தையில் மொழிபெயர்ப்பாளர் துணையில்லாமலே பழம் வாங்கிவிடலாம். அரசுக் கணக்கின்படி நாட்டு மக்களில் தாஜிக்குகள் சுமார் 5 விழுக்காடு. உண்மையில் அதைவிட நிறையப் பேர் இருப்பார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1924இல் சோவியத் அரசு மத்திய ஆசியாவைத் தேசிய இன அடிப்படையில் பிரித்தபோது இந்த இரு நகரங்களும் உஸ்பெக் குடியரசின் பங்குக்குப் போயின. வரைபடம் அப்படி அமைந்த பிறகும் வீடுகளில் பழைய மொழியே நீடிக்கிறது.

இந்த நாட்டுக்கு வரும் பண்பாட்டுச் சுற்றுலாக் குழுக்களில் கணிசமானவை ஓய்வுபெற்றோரின் குழுக்கள். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், கொரியா என்று பல நாடுகளிலிருந்தும் அறுபதைக் கடந்தவர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து வருகிறார்கள். இந்தியாவிலிருந்து வருவோரும் உண்டு. டெல்லியிலிருந்து தாஷ்கண்ட் ஏறக்குறைய மூன்று மணி நேர விமானப் பயணம்தான். அதிவேக ரயில் வந்தபின் நகரங்களுக்கிடையே அலுப்பு குறைந்துவிட்டது. 2018இல் இணையவழி விசா வந்ததும் தூதரக வாசலில் காத்திருக்கும் தொல்லை பலருக்கு ஒழிந்தது. பழைய நகரப் பகுதிகள் சமதளமானவை. பல இடங்களில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. இவற்றோடு, முதியவர்களுக்கு அந்தச் சமூகம் தரும் இடமும் சேர்ந்துகொள்கிறது. ‘ஆக்சகால்’ என்று அழைக்கப்படும் வெண்தாடிப் பெரியவருக்கு விருந்தில் முதல் தேநீர்க் கிண்ணம் போகும்; அவருக்குப் பேருந்தில் இளைஞர் எழுந்து இடம் கொடுப்பார்.

போகும் பருவத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் உகந்தவை. மார்ச் 21ஆம் நாள் பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ். சோவியத் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் ஒடுக்கப்பட்ட இந்தப் பண்டிகை இன்று அரசு விடுமுறை நாள். முளைகட்டிய கோதுமையின் சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, பெண்கள் கூடி இரவெல்லாம் கிளறிச் செய்யும் ‘சுமலக்’ களியை அப்போது ருசிக்கலாம். சர்க்கரை சேர்க்காமலே இனிக்கும் பண்டம் அது. குளிரைத் தாங்கக்கூடிய குழு இந்தப் பண்டிகையை ஒட்டிப் பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது. வேறெந்த வாரத்திலும் பாரசீக மரபு இவ்வளவு வெளிப்படையாகத் தெருவுக்கு வருவதில்லை.

வழக்கமான பயணத்திட்டம் எட்டு முதல் பத்து நாள்: தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா, கீவா. பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் இரவுகளைச் சமமாகப் பங்கிட்டுவிடுகிறார்கள். அது சரியான பங்கீடு அல்ல. தாஷ்கண்டுக்கு ஒரு நாள் போதும். சமர்கண்டுக்கு மூன்று நாள் வேண்டும். புகாராவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே வேண்டும். கட்டடங்களை எண்ணிக்கொண்டு ஓடும் குழுவுக்கு, தான் பாரசீகப் பண்பாட்டின் நடுவே நிற்பது தெரியாமலே பயணம் முடிந்துவிடும். முதியவர்களின் குழுவால் ஓட முடியாது என்பது இங்கே ஒரு வசதி.

தாஷ்கண்ட் தோற்றத்தில் சோவியத் நகரம். 1966 ஏப்ரல் 26இல் வந்த நிலநடுக்கம் பழைய நகரத்தின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியதால் அகன்ற சாலைகளும் அடுக்குமாடிகளுமாக அது மீண்டும் எழுந்தது. அதே ஆண்டு ஜனவரி 10இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பாகிஸ்தான் குடியரசுத் தலைவர் அயூப் கானும் இங்கே தாஷ்கண்ட் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள்; அடுத்த நாள் அதிகாலை சாஸ்திரி இங்கேயே காலமானார். அவர் பெயரில் ஒரு தெருவும், அவருடைய மார்பளவுச் சிலையும் நகரத்தில் உள்ளன. அவர் மறைந்த செய்தியை வானொலியில் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் மூத்தோர் குழு அந்தச் சிலையைப் பார்க்காமல் திரும்புவது குறைதான். 1977இல் திறக்கப்பட்ட தாஷ்கண்ட் மெட்ரோவின் நிலையங்கள் பளிங்கும் சுதைவேலையுமாக அரண்மனைக் கூடம்போல் இருக்கும். அவற்றில் ஒன்றுக்குக் கவிஞர் அலிஷேர் நவாயியின் பெயர். 1441 முதல் 1501 வரை வாழ்ந்த நவாயியை உஸ்பெக் இலக்கியத்தின் தந்தை என்று நாடு கொண்டாடுகிறது. அவரே ‘ஃபானி’ என்ற புனைபெயரில் பாரசீகத்திலும் ஒரு கவிதைத் தொகுப்பு செய்தவர். பாரசீகத்தின் பெருங்கவிஞர் ஜாமி அவருக்கு நெருங்கிய நண்பர். இரண்டு மொழிகளும் ஒரே சபையில், ஒரே நாவில் புழங்கிய காலம் அது. அன்றைய கவிஞர்களுக்கு ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டிய தேவை இருக்கவில்லை.

தாஷ்கண்டிலிருந்து சமர்கண்டுக்கு ‘அஃப்ராசியாப்’ என்ற ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. 2011இல் ஓடத் தொடங்கிய இந்த வண்டி 2016இல் புகாரா வரை நீண்டது. பயணச்சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். குழுவாகப் போவோர் வெகு முன்பே பதிவு செய்துவிட வேண்டும், இல்லையென்றால் மெதுவான வண்டிதான். ரயிலுக்கு அந்தப் பெயர் ஃபிர்தௌசியின் ஷாநாமா காவியத்தில் வரும் துரான் நாட்டு அரசன் அஃப்ராசியாபிடமிருந்து வந்தது. சமர்கண்டின் வடகிழக்கில் மேடாகக் கிடக்கும் பழைய நகரத்துக்கும் மக்கள் அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சமர்கண்ட் பயணத்தை அந்த மேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் நேராக ரெகிஸ்தான் சதுக்கத்துக்குப் போய்விடுகின்றன. அதனால் கதை நடுவிலிருந்து தொடங்கிவிடுகிறது. கி.மு. 329இல் அலெக்சாந்தர் பிடித்த ‘மரகண்டா’ இந்த மேட்டில்தான் இருந்தது. இங்கே வாழ்ந்த சோக்தியர்கள் ஈரானிய மொழி பேசியவர்கள். சீனத்துக்கும் மேற்குலகுக்கும் இடையே பட்டு வணிகத்தைப் பல நூற்றாண்டுகள் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள். 1965இல் சாலை போடும் வேலையின்போது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கூடத்தின் சுவர் ஓவியங்கள் வெளிப்பட்டன. சோக்திய அரசன் வர்குமானிடம் சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் தூதர்கள் பரிசுகளோடு வரும் காட்சி அவற்றில் இருக்கிறது. ஒரு சுவரில் சிதைந்த நிலையில் இருப்பது இந்தியாவைக் குறிக்கும் காட்சி என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அருங்காட்சியகம் சிறியது. உட்கார்ந்து பார்க்க முடியும், கூட்டமும் குறைவு. 1220இல் செங்கிஸ்கான் இந்த நகரத்தை அழித்தபின் மக்கள் மேட்டை விட்டிறங்கி இப்போதைய இடத்தில் குடியேறினார்கள்.

1370இல் தைமூர் சமர்கண்டைத் தலைநகராக்கினான். தான் வென்ற ஊர்களிலிருந்தெல்லாம் கைவினைஞர்களை இங்கே கொண்டுவந்து குடியேற்றினான். ஈரானின் இஸ்ஃபஹான், ஷீராஸ், தப்ரீஸ் நகரங்களின் ஓடு வேலைக்காரர்களும் கொத்தர்களும் இப்படி வந்தவர்கள்தான். விரும்பி வந்தவர்கள் அல்லர் என்பதையும் மறக்கக் கூடாது. தைமூர் அடக்கமாகியிருக்கும் குர் எ அமீர் வளாகத்தின் வாயிலில் இஸ்ஃபஹானைச் சேர்ந்த முகம்மது இப்னு மஹ்மூத் என்ற கட்டடக்கலைஞரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பேரரசனின் கல்லறையைப் பார்க்க வருவோர் அந்தக் கொத்தரின் பெயரையும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். வரிகள் விழுந்த நீலக் குவிமாடத்தின் கீழே கரும்பச்சை ஜேடு கல்லின் அடியில் தைமூர் கிடக்கிறான். 1941 ஜூனில் சோவியத் மானிடவியலாளர் கெராசிமோவ் கல்லறையைத் திறந்து, அவனுடைய வலது கால் ஊனமாகவே இருந்ததை எலும்புகளைக் கொண்டு உறுதிப்படுத்தினார்.

1398இல் டெல்லியைச் சூறையாடிவிட்டுத் திரும்பிய தைமூர், அடுத்த ஆண்டே பீபி கானும் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கினான். அங்கிருந்து கொண்டுவந்த யானைகள் கல் சுமந்ததாக அக்கால வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அளவுக்கு மீறிப் பெரிதாகவும் அவசரமாகவும் எழுப்பிய கட்டடம் அது. சீக்கிரமே விரிசல் விட்டது. 1897 நிலநடுக்கத்தில் ஒரு பகுதி விழுந்தது. இப்போது காண்பதில் பெரும்பகுதி சோவியத் காலம் முதல் மீண்டும் கட்டியது. சமர்கண்டின் பல கட்டடங்களுக்கும் இது பொருந்தும். எது பழையது, எது புதியது என்று வழிகாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பார்ப்பதன் ஒரு பகுதி. நல்ல வழிகாட்டிகள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

ரெகிஸ்தானில் மூன்று மதரஸாக்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. இடப்பக்கம் இருப்பது 1417 முதல் 1420 வரை தைமூரின் பேரன் உலுக்பெக் கட்டியது. வலப்பக்கம் இருக்கும் ஷெர்தோர் 1636இல் முடிந்தது. நடுவிலிருக்கும் தில்யாகோரி 1660இல். ஷெர்தோரின் வாயில் வளைவில் மானைத் துரத்தும் இரண்டு சிங்கங்களும், அவற்றின் முதுகுக்குப் பின்னால் மனித முகத்தோடு எழும் சூரியனும் ஓடுகளில் வரையப்பட்டிருக்கின்றன. ஒரு சமயக் கல்விக்கூடத்தின் முகப்பில் உயிருருவம் இருப்பதே அரிது. சிங்கமும் சூரியனும் சேர்ந்த இந்தக் கோலம் ஈரானிய மரபில் நெடுங்காலம் ஊறிய ஒன்று. ஈரானின் பழைய கொடியிலும் அது இருந்தது. தில்யாகோரிக்குள் கூரையெங்கும் பொன்பூச்சு. மாலையில் விளக்கொளி போடும்போது சதுக்கத்தின் முன்னிருக்கும் படிகளில் உட்கார்ந்துகொள்ளலாம். பகலில் வெயிலில் நின்று படமெடுத்துக் களைப்பதைவிட அது மேல்.

அரசை ஆள்வதைவிட வானத்தை அளப்பதில் உலுக்பெக்குக்கு நாட்டம் அதிகம். 1420களில் அவர் கட்டிய வானாய்வுக் கூடத்தில் சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள ஒரு மாபெரும் வில்வடிவக் கருவி இருந்தது. தொலைநோக்கி இல்லாத காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அவரும் உடனிருந்த அறிஞர்களும் அதைக் கொண்டு கணித்தார்கள். அந்த அட்டவணையை அவர்கள் எழுதியது பாரசீகத்தில். 1449இல் உலுக்பெக் தம் மகனின் ஏவலால் கொல்லப்பட்டார். கூடமும் பாழாகி மண்மூடியது. 1908இல் வியாத்கின் என்ற ரஷ்யத் தொல்லியலாளர், ஒரு பழைய நிலக்கொடை ஆவணத்தின் துணையோடு இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டினார். பூமிக்கடியில் இறங்கும் பளிங்கு வில்லின் கீழ்ப்பகுதி மட்டும் எஞ்சியிருந்தது. கணக்கு, அறிவியல் ஆசிரியர்களாக இருந்து ஓய்வுபெற்றவர்கள் குழுவில் இருந்தால் இந்த இடத்தில் நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அவர்களைச் சீக்கிரம் கிளப்புவது நடக்காது.

ஷாஹி ஜிந்தா என்ற கல்லறைத் தெரு சமர்கண்டிலேயே மிக அழகான இடம். நீலத்தின் எத்தனை சாயல்கள் சுட்ட ஓட்டில் வரும் என்பதை அந்தக் குறுகிய சந்தின் இரு பக்கச் சுவர்களும் காட்டிவிடும். ஆனால் தெருவுக்கு ஏறுவது செங்குத்தான படிக்கட்டு வழி. முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போது கைப்பிடித்து வர ஆள் வேண்டும். காலை முதல் வேலையாக அங்கே போய்விடுவது உத்தமம். வெயிலும் இராது, கூட்டமும் இராது. இன்னொன்று: உள்ளூர் மக்களுக்கு அது வழிபடும் தலம். கூடங்களில் அமர்ந்து துஆ செய்பவர்களுக்கு நடுவே உரக்கப் பேசக் கூடாது.

சமர்கண்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், தாஜிகிஸ்தானுக்குள் பஞ்சகெந்த் இருக்கிறது. 2018இல் எல்லைச்சாவடி மீண்டும் திறந்தபின் ஒரே நாளில் போய்த் திரும்ப முடிகிறது. எட்டாம் நூற்றாண்டில் கைவிடப்பட்ட சோக்திய நகரத்தின் மண்சுவர்கள் அங்கே திறந்தவெளியில் கிடக்கின்றன. பாரசீகக் கவிதையின் முன்னோடியான ரூதகி பிறந்ததும் அந்தப் பக்கத்து மலைக் கிராமத்தில்தான். போகும்போதும் திரும்பும்போதும் எல்லைச் சோதனை என்பதால் பொதுத்திட்டத்தில் இது சேர்வதில்லை. ஆர்வமுள்ள நாலைந்து பேர் தனியாகப் போய்வரலாம்.

புகாராவுக்கு ரயில் வந்து சேரும் நிலையம் நகரத்துக்கு வெளியே காகான் என்ற ஊரில் இருக்கிறது. அங்கிருந்து வண்டியில் பழைய நகரம். விடுதிகள் பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகர் வீடுகள்: நடுவில் முற்றம், செதுக்கிய மரத்தூண்கள், சுண்ணச் சுதையில் குடைந்த மாடங்கள். மாடிப்படிகள் உயரமானவை என்பதால் மூத்தோர் குழு தரைத்தள அறைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாரசீக மரபுக்கு இந்த ஊர் செய்தது சமர்கண்ட் செய்ததைவிடப் பெரிது. அரபுப் படையெடுப்புக்குப்பின் கல்வியும் ஆட்சியும் அரபு மொழிக்கு மாறியிருந்தன. 819 முதல் 999 வரை ஆண்ட சாமானியர்கள் புகாராவில் அமர்ந்து பாரசீகத்தை அரபு எழுத்தில் எழுதவைத்து, மீண்டும் அரசவை மொழியாக்கினார்கள். ரூதகி பாடியது அவர்கள் சபையில். ஷாநாமாவைத் தொடங்கிய தகீகி எழுதியதும் அவர்கள் ஆதரவில். அவர் கொல்லப்பட்டபின் ஃபிர்தௌசி அதைத் தொடர்ந்து முடித்தார். 980இல் புகாராவுக்கு அருகே அஃப்ஷோனா கிராமத்தில் பிறந்த இப்னு சீனா, பதினேழு பதினெட்டு வயதிலேயே சாமானிய அரசரின் நோய்க்கு மருத்துவம் பார்த்து, கைம்மாறாக அரண்மனை நூலகத்துக்குள் நுழையும் அனுமதி பெற்றார். பின்னாளில் அவர் எழுதிய மருத்துவ நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நூற்றாண்டுக் கணக்கில் பாடமாக இருந்தது.

அந்தக் காலத்திலிருந்து நேராக எஞ்சி நிற்பது ஒரு சின்னக் கட்டடம்: பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சாமானியர் கல்லறை. கனசதுரமான உடல், மேலே அரைக்கோளக் குவிமாடம். வண்ண ஓடு ஒன்றுகூடக் கிடையாது. செங்கல்லை நேராகவும் சாய்வாகவும் குறுக்காகவும் அடுக்கியே சுவர் முழுக்கக் கூடை முடைந்ததுபோலச் செய்திருக்கிறார்கள். வெயில் நகர நகரச் சுவரின் முகம் மாறும். காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் பார்க்க வேண்டிய கட்டடம் இது ஒன்றே. பூங்காவின் நடுவே இருக்கிறது. நிழலில் இருக்கைகளும் உண்டு.

1127இல் எழுந்த கல்யான் மினார் சுமார் 46 மீட்டர் உயரம். செங்கிஸ்கானின் அழிவிலிருந்து தப்பியது. அதன் எதிரே மீர் இ அரப் மதரஸா. சோவியத் ஆட்சியிலும் இயங்க அனுமதிக்கப்பட்ட மிகச் சில சமயக் கல்விக்கூடங்களில் ஒன்று. இன்றும் மாணவர் படிப்பதால் உள்ளே போக முடியாது, வாயிலோடு சரி. தாஜிக் உரைநடையின் தந்தை எனப்படும் சத்ருத்தீன் ஐனி இங்கே படித்தவர். சீர்திருத்தக் கருத்துகளுக்காக 1917இல் புகாரா அமீரின் ஆட்கள் அவருக்கு 75 கசையடி கொடுத்தார்கள். 1920இல் செம்படை குண்டுவீசி அமீரின் ஆர்க் கோட்டையைப் பிடிக்கும்வரை புகாராவின் அரசு எழுத்துவேலை முழுவதும் பாரசீகத்தில்தான் நடந்தது.

சுவர்களில் பொறித்த பாரசீக வரிகளை உள்ளூர் இளைஞர்களைப் படித்துச் சொல்லச் சொன்னால் பெரும்பாலோரால் முடியாது. மொழி தெரியாததனால் அல்ல. 1920களின் இறுதியில் அரபு எழுத்து நீக்கப்பட்டு லத்தீன் வந்தது. 1940இல் அது போய் சிரிலிக் வந்தது. 1993க்குப்பின் உஸ்பெக் மொழிக்கு மறுபடி லத்தீன். ஒரே நூற்றாண்டில் மூன்று முறை எழுத்தை மாற்றியதில், தன் வீட்டு வாசலில் தன் மொழியிலேயே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாத தலைமுறைகள் உருவாகிவிட்டன. இந்த நாட்டின் பண்பாட்டு இழப்புகளில் இடிந்த குவிமாடங்களைவிடப் பெரியது இது. பழைய எழுத்து தெரிந்த வழிகாட்டியை முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளும் குழுவுக்கு அந்தச் சுவர்கள் பேசும். மற்றவர்களுக்கு அவை வெறும் அலங்காரம்.

மாலையில் புகாரா முழுவதும் லியாபி ஹவுஸ் குளத்தைச் சுற்றிக் கூடுகிறது. 1620இல் வெட்டிய குளம்; கரையில் முதிர்ந்த முசுக்கட்டை மரங்கள். எதிரே நாதிர் திவான்பேகி மதரஸாவின் வாயிலில் சிமுர்க் என்ற பாரசீகப் புராணப் பறவைகள் இரண்டு சூரியனை நோக்கிப் பறக்கின்றன. ஒரு காலத்தில் இப்படிப் பல குளங்கள் ஊருக்குக் குடிநீர் தந்தன. கூடவே நரம்புச் சிலந்தி நோயையும் தந்தன. சோவியத் மருத்துவர்கள் 1920களில் தொடங்கிக் குளங்களை வற்றடித்துத் தூர்த்து, 1930களின் தொடக்கத்தில் அந்த நோயை ஒழித்தார்கள். எஞ்சிய சில குளங்களில் லியாபி ஹவுஸ் ஒன்று. தமிழ்நாட்டிலும் படிக்கிணறுகள் வழியாகப் பரவிய நோய்தான் அந்த நரம்புச் சிலந்தி. இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000இல்தான் என்பதை நினைத்தால் புகாரா மருத்துவர்களின் வேலையின் அருமை விளங்கும்.

குளத்துக்குத் தெற்கே யூதர் தெரு. புகாரா யூதர்கள் பல நூற்றாண்டுகளாகப் பாரசீகத்தின் ஒரு வடிவத்தைப் பேசிவந்தவர்கள். 1970களிலும் 1991க்குப் பின்னும் பெரும்பாலோர் இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். மிகச் சில குடும்பங்களே மிச்சம். தொழுகைக்கூடம் இன்னும் திறந்திருக்கிறது. நாற்சந்திகளின்மேல் குவிமாடம் வைத்துக் கட்டிய பழைய அங்காடிகளில் பொற்கொல்லர், தொப்பிக்காரர், நாணய மாற்றுவோர் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. இப்போது அங்கே ‘சுசனி’ என்ற பூவேலைத் துணிகளும் நாரைக் கழுத்து வடிவக் கத்தரிக்கோல்களும் விற்கிறார்கள். பேரம் பேசலாம், ஆனால் கையால் தைத்த சுசனி ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைப்பு போயிருக்கும்.

இசைக்காக ஒரு மாலையை ஒதுக்க வேண்டும். புகாராவின் செவ்வியல் இசை ‘ஷஷ்மகாம்’: புஸ்ருக், ரோஸ்த், நவோ, துகோஹ், செகோஹ், இராக் என்ற ஆறு மகாம்களின் (பண்களின்) தொகுதி. முதலில் கருவியிசை, பிறகு வாய்ப்பாட்டு. தன்பூர், கிஜக், தோய்ரா ஆகியவை பக்கவாத்தியங்கள். பாடல்கள் தாஜிக்கிலும் உஸ்பெக்கிலும் மாறி மாறி வரும். இதை யுனெஸ்கோ உஸ்பெகிஸ்தானுக்கும் தாஜிகிஸ்தானுக்கும் பொதுவான மரபாகவே அங்கீகரித்திருக்கிறது. மதரஸா முற்றத்தில் இரவு உணவோடு நடத்தும் ஆடல்பாடல் நிகழ்ச்சி வேறு வகை. வண்ணமயமானது, ஆனால் ஷஷ்மகாம் அங்கே கேட்கக் கிடைக்காது. விடுதிக்காரரிடம் சொன்னால் வீட்டு முற்றத்தில் ஓர் இசைக்கலைஞரை வரவழைத்துத் தருவார்.

உள்ளூர் முதியவர்களோடு பேச்சுத் தொடங்க இந்தியர்களுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. சோவியத் காலத்தில் ராஜ் கபூர் படங்கள் இங்கே கொடிகட்டிப் பறந்தன. இந்தியர் என்று தெரிந்தால் ‘ஆவாரா’ படப் பாட்டை முணுமுணுக்கும் எழுபது வயதுக்காரர்கள் தேநீர்க்கடைகளில் இன்னும் உண்டு. வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலை சாய்ப்பது வணக்கம். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. கத்தியால் வெட்டாமல் கையால் பிட்டுப் பகிர்வார்கள்.

கீவா தொலைவு. புகாராவிலிருந்து கிசில்கும் பாலைவனம் வழியாக ஏறக்குறைய 450 கிலோமீட்டர். சாலையில் ஆறேழு மணி நேரம் போய்விடும். மொத்தப் பயணத்தில் உடம்பை வருத்தும் நாள் அது ஒன்றே. முதுகுவலிக்காரர்கள் புகாராவிலேயே தங்கிவிட்டு ரயிலில் தாஷ்கண்ட் திரும்பலாம். அதில் இழப்பொன்றும் பெரிதில்லை. போகிறவர்கள் மண்மதிலுக்குள் முழுமையாக நிற்கும் ஒரு பழைய நகரத்தைப் பார்ப்பார்கள். 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1855இல் கான் போரில் இறந்ததால் பாதியில் நின்றுபோன, பருத்த, பச்சை நீல கல்தா மினாரும், இருநூறுக்கும் மேற்பட்ட மரத்தூண்கள் தாங்கும் ஜும்ஆ பள்ளிவாசலும் முக்கியமானவை. இது கோரஸ்ம் நாடு. இயற்கணிதத்தின் தந்தை அல் குவாரிஸ்மியின் குடும்பத்துக்கு வேர் இங்கே. இந்தியாவைப் பற்றி விரிவான நூல் எழுதிய அல் பிரூனி 973இல் பிறந்ததும் இங்கேதான். கீவாவுக்கு அருகிலுள்ள உர்கெஞ்சிலிருந்து தாஷ்கண்டுக்கு விமானம் இருப்பதால் திரும்பும் வழி சுலபம்.

சாப்பாடு இறைச்சியை மையமாகக் கொண்டது. பெரிய இரும்புக் கொப்பரையில் ஆட்டிறைச்சி, மஞ்சள் கேரட், அரிசி சேர்த்துச் செய்யும் பலாவ் தேசிய உணவு. விருந்து எல்லாவற்றிலும் அதுவே. கொழுப்பு அதிகம் என்பதால் மதியத்தில் கொஞ்சமாகச் சாப்பிட்டு மேலே சூடான பச்சைத் தேநீர் குடிப்பது வழக்கம். சைவ உணவுக்காரர்களுக்குத் தக்காளி வெங்காய சாலட், பூசணி வைத்த சம்சா, தந்தூரில் சுட்ட ‘நோன்’ ரொட்டி, தயிர், முலாம்பழம், உலர் பழங்கள் கிடைக்கும். காய்கறி சூப் போலத் தெரிந்தாலும் எலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம், கேட்டுக்கொள்ள வேண்டும். குழாய் நீரைக் குடிக்கக் கூடாது.

மருந்து விஷயத்தில் மூத்தோர் குழுக்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கோடீன், டிரமடால் கலந்த வலிமாத்திரைகளுக்கும் தூக்கம், மனநலம் சார்ந்த பல மருந்துகளுக்கும் உஸ்பெகிஸ்தானில் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. மருத்துவரின் சீட்டோடு, தேவையான அளவு மட்டும் மூல உறையிலேயே எடுத்துப்போய், சுங்கத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளைக் கைப்பையிலும் பெட்டியிலுமாக இரண்டு இடத்தில் பிரித்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு. விடுதிகள் ஒவ்வொன்றும் விருந்தினரை அரசிடம் பதிவுசெய்யும். அந்தப் பதிவுச் சீட்டைக் கேட்டு வாங்கி, நாட்டை விட்டுக் கிளம்பும்வரை கடவுச்சீட்டோடு வைத்திருக்க வேண்டும். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு இடமிருக்கிறதா என்பதைக் கிளம்புமுன் படித்துப் பார்த்துவிடுவது நல்லது; பெரிய மருத்துவமனைகள் தாஷ்கண்டில்தான் இருக்கின்றன, மற்ற ஊர்களிலிருந்து அங்கே கொண்டுபோகும் செலவை யார் ஏற்பது என்பது அந்தத் தாளில் எழுதியிருக்கும்.